புது லேப்டாப்புக்குள் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாங்கும்வரை எல்லாரும் விலையைத்தான் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள்தான் மற்ற கேள்விகள் ஆரம்பிக்கின்றன: இது ஏன் குறைவாகக் காட்டுகிறது, அது ஏன் சூடாகிறது, கடைக்காரர் சொன்னது நிஜம்தானா. சென்னையில் சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் மாடி வீட்டுப் பையன்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். விண்டோஸ் 11 போட்டு வரும் லேப்டாப்பை மனதில் வைத்து எழுதியது. லினக்ஸ்காரர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு.

படிக்கும்போது ஒன்றை மட்டும் கூடவே யோசித்துக்கொண்டு வாருங்கள்: பின்னால் மாற்றிக்கொள்ள முடிந்தது எது, முடியாதது எது? பிராசஸரையும் (கணக்குப் போடும் முக்கியச் சிப்) போர்டோடு சால்டர் செய்த, அதாவது பற்றவைத்த, ராமையும் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) மாற்ற முடியாது. டிஸ்ப்ளேயை மாற்றினால் கட்டுப்படியாகாது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும். எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்), ஸ்லாட்டில் செருகிய ராம், வைஃபை கார்டு எல்லாம் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ காசு வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

பெட்டியைப் பிரித்தாயிற்று. ஆன் செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

பெட்டியின் ஸ்டிக்கர், லேப்டாப்பின் அடிப்பக்கம், பில். மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் சீரியல் நம்பரே இல்லையென்றால் கடைக்காரரிடம் சொல்லி எழுதி வாங்கிவிடுங்கள். கடை தமிழ்நாட்டில் பதிவானது என்றால் பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும். லேப்டாப்புக்கு வரி 18 சதவீதம். "பில் வேணாம்னா இன்னும் கொஞ்சம் குறைச்சுத் தரேன்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். வாங்கிய தேதிக்கு ஆதாரம் இல்லாமல் வாரண்டி கேட்டு அலைவது பெரிய தலைவலி.

பெட்டியில் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். ஒன்றரை வருஷத்துக்கு முந்தியது என்றால் பொருள் கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் பேட்டரியும் அவ்வளவு காலம் கிடங்கில் கிடந்திருக்கிறது, அதனால் அதை முதலில் சோதியுங்கள். அடிப்பக்கத்தில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையோடு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் ஓர் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த பதிவு என்று வந்துவிடும். சார்ஜரிலும் இதே மாதிரி தனி எண் உண்டு. போலி சார்ஜரைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி.

இன்னொன்று, மாடல் பெயர். விளம்பரத்தில் வருவது குடும்பப் பெயர்தான். அதே பெயரில் நல்ல டிஸ்ப்ளேயோடு ஒன்றும் மட்டமான டிஸ்ப்ளேயோடு ஒன்றும் விற்பார்கள். அடிப்பக்க ஸ்டிக்கரில் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒன்று இருக்கும், அதுதான் உங்கள் லேப்டாப்பின் முழு மாடல் எண். இணையத்தில் எதைத் தேடினாலும் அதைப் போட்டுத் தேடுங்கள்.

எந்த சாஃப்ட்வேரும் போடாமல் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியுமா?

முடியும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசஸர், ராம், டிஸ்க், கிராபிக்ஸ், வைஃபை எல்லாம் வரிசையாக இருக்கும். பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடினால் மாடல், பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) தேதி, மதர்போர்டு விவரம் வரும். டிவைஸ் மேனேஜரில் எஸ்எஸ்டியின் மாடல் எண், வைஃபை கார்டின் தயாரிப்பாளர் பெயர் இருக்கும்.

இதற்கு மேல் வேண்டுமென்றால் எச்டபிள்யூஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. டிஸ்ப்ளே பேனலின் மாடல் எண்ணைக்கூட அது சொல்லும்.

512 ஜிபி என்று சொல்லி விற்றார்கள். 476 தான் காட்டுகிறது. மீதி எங்கே?

யாரும் எடுக்கவில்லை. எஸ்எஸ்டி செய்பவர்கள் 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்குப் போடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சம் பைட்டைத்தான் 1 ஜிபி என்கிறது. 512-ஐ இந்தக் கணக்கில் போட்டால் 476 சொச்சம் வரும். 1 டிபி வாங்கினால் 931 வரும். சி டிரைவில் அதைவிடவும் குறைவாகத் தெரிந்தால் ரெகவரிக்கு என்று நிறுவனம் ஒதுக்கிய பகுதிதான் காரணம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் தனித்தனியாகத் தெரியும்.

ராமும் அப்படித்தானா? 16 ஜிபியில் 13.9 தான் பயன்படுத்த முடியும் என்கிறது.

இது வேறு கணக்கு. ராமை அளப்பதில் அந்த வித்தியாசமே கிடையாது. 16 என்றால் முழு 16. தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத லேப்டாப்பில் பிராசஸரோடு சேர்ந்த கிராபிக்ஸுக்கு ராமிலிருந்து ஒரு பங்கு ஒதுக்கப்படும். ஏஎம்டி லேப்டாப்புகளில் இந்த ஒதுக்கீடு 512 எம்பியிலிருந்து 2 ஜிபி வரை இருப்பது சகஜம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தின் அடியில் 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று அந்த அளவு இருக்கும். சில லேப்டாப்பில் பயாஸுக்குள் போய்க் குறைக்கலாம், பலவற்றில் அந்த வசதி இல்லை.

8 ஜிபி ராம் லேப்டாப் வாங்கியவர்களுக்கு இது உறுத்தும். பிரவுசரில் நாலைந்து டேப், ஒரு வீடியோ மீட்டிங், ஓர் எக்செல் ஃபைல் திறந்தாலே நிறைந்துவிடும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் 16-க்குக் கீழே சொல்வதில்லை.

என் லேப்டாப்பில் ராம் சேர்க்க முடியுமா?

அதே மெமரி பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியைப் பாருங்கள். 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் ராம் ஸ்லாட்டில் செருகியிருக்கிறது. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று இருக்கும்: 2-ல் 1 என்றால் ஒரு ஸ்லாட் காலி. சால்டர் செய்த ராமில் இந்த எண்ணிக்கை சில சமயம் 8-ல் 8 என்றெல்லாம் காட்டும், அதை நம்ப வேண்டாம். எல்பிடிடிஆர் என்று தொடங்கும் வகை என்றால் அநேகமாக எல்லா லேப்டாப்பிலும் சால்டர்தான். பாதி சால்டர், பாதி ஸ்லாட் என்று வரும் லேப்டாப்பும் நிறைய இருக்கிறது. எனவே முழு மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் சர்வீஸ் மேனுவலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் 8 ஜிபி இருந்தால், இன்னொரு 8 போடுவதால் அளவு மட்டும் கூடுவதில்லை. ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவே ஒரு தடத்துக்கு இரண்டு தடம் ஆகிவிடுகிறது. பிராசஸரோடு சேர்ந்த கிராபிக்ஸில் விளையாடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ராம் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்தான். மவுண்ட் ரோட்டை ஒட்டி சிந்தாதிரிப்பேட்டை பக்கம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்துத்தான் ரிச்சி ஸ்ட்ரீட் என்கிறோம். போகும்போது டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று எழுதிக்கொண்டு போங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. வேகம் 3200, 4800, 5600 என்று எது டாஸ்க் மேனேஜரில் இருக்கிறதோ அதையே கேளுங்கள். கூடுதல் வேகமுள்ளதை வாங்கினாலும் இரண்டும் சேர்ந்து குறைந்த வேகத்தில்தான் ஓடும். சிபியு-இசட் போன்ற மென்பொருளில் 3200-க்குப் பதில் 1600 என்று பார்த்துப் பதறாதீர்கள். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால், அது காட்டுவது பாதி எண்.

கடையில் உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். நன்றாக வேலை தெரிந்தவர் அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் அவற்றை எடுத்த வரிசையிலேயே வைப்பார். எல்லாம் ஒரே நீளம் இல்லை, மாற்றிப் போட்டால் நீளமான ஸ்க்ரூ மேல்பக்கம் முட்டிவிடும். மூடியின் விளிம்பை மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் நெம்புவார், ஸ்க்ரூ டிரைவரால் இல்லை. முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுவார். பிறகு ராமைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தி, இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று விழுகிறதா என்று பார்ப்பார். பேட்டரியைக் கழற்றாமல் ராமில் கை வைக்கிறவரிடம் லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிராசஸர் பெயரில் இருக்கும் எண்ணும் எழுத்தும் என்ன சொல்கின்றன? ஐ7 என்றால் ஐ5-ஐ விட நல்லதுதானே?

எப்போதும் அப்படி இல்லை. கடையில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்டெல்லில் ஐ5-1335யு என்று எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கமான 13, தலைமுறை. கடைசி எழுத்து எவ்வளவு மின்சாரம் எடுக்கும் ரகம் என்பதைச் சொல்லும். யு என்றால் 15 வாட் ரகம்: மெலிசு, பேட்டரி நிற்கும், சூடு குறைவு. எச் என்றால் 45 வாட் ரகம்: கனம், ஃபேன் சத்தம், வேலையும் அதிகம். கோர் என்பது சிப்புக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி. ஐ7-1355யு-வில் 2 பெரிய கோர், 8 சிறிய கோர். ஐ5-13500எச்-சில் 4 பெரிய கோர், 8 சிறிய கோர். வீடியோ எடிட்டிங் மாதிரி விடாமல் ஓடும் வேலையில் இந்த ஐ5 அந்த ஐ7-ஐத் தாண்டிவிடும். ஸ்டிக்கரில் 7 இருக்கிறது என்று கூடக் காசு கொடுத்தவருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஈமெயில், தமிழ் டைப்பிங், ஆன்லைன் வகுப்புதான் வேலை என்றால் யு ரகமே உங்களுக்குச் சரி.

2023 டிசம்பரில் இன்டெல் பெயரில் இருந்த 'ஐ'-யை எடுத்துவிட்டு கோர் அல்ட்ரா என்று கொண்டுவந்தது. 'அல்ட்ரா' இல்லாமல் வெறும் கோர் 5 என்றும் வருகிறது. கோர் 5 120யு என்ற பெயர் புதிது, உள்ளே இருப்பது ஐ5-1335யு-வின் அதே 2 பெரிய, 8 சிறிய கோர் அமைப்பு. கெட்ட சிப் இல்லை. புதுத் தலைமுறை என்று சொல்லி விலை ஏற்றினால் மட்டும் பேரம் பேசுங்கள்.

ஏஎம்டியில் இதைவிடச் சிக்கல். ரைசன் 7000 வரிசையில் வடிவமைப்பின் வயதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். ரைசன் 5 7520யு-வில் அது 2: ஜென் 2, அதாவது 2019-ல் வந்த வடிவமைப்பு, 4 கோர். ரைசன் 5 7530யு-வில் அது 3: ஜென் 3, 6 கோர். பெயரில் ஒரே ஓர் இலக்கம் மாறுகிறது, உள்ளே ஒரு தலைமுறையும் இரண்டு கோரும் மாறுகின்றன. போதாக்குறைக்கு 7520யு எல்பிடிடிஆர்5 ராமோடு மட்டுமே வேலை செய்யும், ஆகவே 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். விலை குறைந்த லேப்டாப்புகளில் இந்தச் சிப் ஏராளமாக வந்தது. பாட்டுக் கேட்க, படம் பார்க்க, வேர்டு ஃபைல் திறக்கப் போதும்.

இன்டெல் என்100 என்று பார்த்தால் அது 4 சிறிய கோர் மட்டும் உள்ள 6 வாட் சிப். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஓரளவு சரி. கல்லூரியில் கோடிங் படிக்கிறவருக்கு அதை வாங்கித் தராதீர்கள்.

பெட்டியில் 4.6 கிகாஹெர்ட்ஸ், டாஸ்க் மேனேஜரில் 1.3. எது உண்மை?

இரண்டும். 1.3 என்பது அடிப்படை வேகம், 4.6 என்பது ஒன்றிரண்டு கோர் கொஞ்ச நேரத்துக்குத் தொடும் உச்சம். பைக் மீட்டரில் 160 என்று அச்சிட்டிருக்கிறது என்பதற்காக மவுண்ட் ரோட்டில் 160-ல் போகிறோமா? சூடும் மின்சாரமும் அனுமதிக்கிற அளவுக்குச் சிப் தானே ஏறி இறங்கிக்கொள்ளும். ஏதாவது பெரிய ஃபைலைத் திறக்கும்போது டாஸ்க் மேனேஜரைக் கவனியுங்கள். வேகம் மூன்றரை, நான்கு என்று தாவினால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. எப்போதும் ஒன்றுக்குக் கீழேயே கிடந்தால் பவர் செட்டிங்கையும் சார்ஜரையும் பாருங்கள். வாட் குறைந்த சார்ஜரைப் போட்டாலும் பல லேப்டாப்புகள் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

எஸ்எஸ்டி எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏற்கெனவே ஓடியதாக இருக்குமோ என்று சந்தேகம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை முறை ஆன் ஆகியிருக்கிறது, மொத்தம் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று மூன்றும் வரும். புதுசு என்றால் மணிக்கணக்கு ஒற்றை இலக்கத்திலோ அதைத் தாண்டிக் கொஞ்சமோ இருக்கும். தொழிற்சாலைச் சோதனைக்கும் நீங்கள் விண்டோஸ் அப்டேட் போட்டதற்கும் அவ்வளவுதான் ஆகும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது கடையில் டெமோவுக்கு ஓடிய பீஸாகவோ யாரோ திருப்பிக் கொடுத்ததாகவோ இருக்கலாம். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ரகமும் அதிலேயே தெரியும். சாட்டா என்றால் நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். என்விஎம்ஈ ரகத்தில் மூன்றாம் தலைமுறை 3500 வரை, நான்காம் தலைமுறை 7000 வரை போகும். அன்றாட வேலையில் 3500-க்கும் 7000-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மாற்றும்போது நீளம் மட்டும் கவனம்: 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42. பெரிய கார்டு சின்ன இடத்தில் உட்காராது.

டிஸ்ப்ளேயில் சிவப்பு நிறம் ஒரு மாதிரி ஆரஞ்சாகத் தெரிகிறது. பழுதா?

பழுது இல்லை, மட்டமான பேனல். விவரப் பட்டியலில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற வரம்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான் அதில் வரும். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' அல்லது '72 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால்தான் நிறம் நிறமாகத் தெரியும். போட்டோ, டிசைன், துணி வியாபாரத்துக்குப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. காஞ்சிபுரம் பட்டின் அரக்குச் சிவப்பைச் செங்கல் நிறமாகக் காட்டினால் வாடிக்கையாளர் சேலையைத் திருப்பி அனுப்புவார்.

வெளிச்சம் 250 நிட்ஸ் என்றால் ஜன்னலோர மேசையில் நம்ம ஊர் பகல் வெளிச்சத்துக்குக் கஷ்டம். 300-க்கு மேல் இருந்தால் சமாளிக்கலாம்.

டெட் பிக்சல் பார்க்க, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் முழுத் திரையில் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாளிலேயே செய்துவிடுங்கள். ஒரே ஒரு புள்ளி செத்திருந்தால் வாரண்டியில் பேனல் மாற்றித் தர நிறுவனங்கள் பெரும்பாலும் மறுக்கும், மாற்றித் தரும் கெடுவுக்குள் கடையில் கேட்டால் வாய்ப்பு அதிகம். 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கியவர்கள் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் அது 60-ல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கடைக்காரர் 8 ஜிபி கிராபிக்ஸ் என்றார். உண்மையா?

டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கம் போங்கள். 'டெடிகேட்டட்' என்று இருப்பதுதான் சொந்த மெமரி. 'ஷேர்டு' என்பது தேவைப்பட்டால் ராமிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு, வழக்கமாக ராமில் பாதி. 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஷேர்டு 8 என்று காட்டும். அதைத்தான் '8 ஜிபி கிராபிக்ஸ்' என்று விற்றிருக்கிறார்கள்.

என்விடியா சிப் உள்ள லேப்டாப்பிலும் ஒரு நுணுக்கம். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வெவ்வேறு லேப்டாப்பில் வெவ்வேறு பலத்தில் வரும். வாட் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

'ஏஐ லேப்டாப்' என்று ஸ்டிக்கர் இருக்கிறது. அப்படி என்றால்?

பிராசஸருக்குள் என்பியு என்று ஏஐ வேலைகளுக்கான ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் 'கோபைலட் பிளஸ்' என்று சொல்ல என்பியு குறைந்தது 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) இருக்க வேண்டும், கூடவே 16 ஜிபி ராமும் வேண்டும். முதல் தலைமுறை கோர் அல்ட்ராவில் 11 டாப்ஸ் அளவுதான். சாட்ஜிபிடி மாதிரி இணையத்தில் ஓடுபவற்றுக்கு இது எதுவும் தேவையில்லை.

பேட்டரி நல்லதா என்று எப்படிச் சோதிப்பது?

ஸ்டார்ட் மெனுவில் டெர்மினல் என்று தேடித் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்வுக் கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகி, எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் சொல்லும். அதில் 'டிசைன் கெபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். சில சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். புது லேப்டாப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் கேள்வி கேளுங்கள்.

எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். 42 வாட்-அவர் பேட்டரி, வேலை சராசரியாக 8 வாட் எடுத்தால் ஐந்து மணி நேரம் சொச்சம். பெட்டியில் போட்டிருக்கும் பத்து மணி நேரம் என்பது வெளிச்சத்தைக் குறைத்து ஒரே வீடியோவை ஓட்டி அளந்தது.

நாள் முழுக்க சார்ஜரிலேயே வைத்து வேலை செய்கிறவர்கள், நிறுவனத்தின் ஆப்பில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: சூடு, நூறு சதவீதத்திலேயே கிடப்பது. அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

சார்ஜ் போட்டிருக்கும்போது மேல்பக்கத்தைத் தடவினால் ஜிவ்வென்று இருக்கிறது. ஷாக் அடிக்குமா?

மெட்டல் பாடி லேப்டாப் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்பது. சார்ஜருக்குள் மின்சாரம் வரும் பக்கத்தையும் லேப்டாப் பக்கத்தையும் இணைத்து ஒய் கபாசிட்டர் என்று சின்னதாக ஒன்று இருக்கும். ரேடியோ இரைச்சலைக் குறைக்க வைப்பது. அதன் வழியாக மிக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். எர்த் சரியாக இருந்தால் அது எர்த்துக்குப் போய்விடும். இல்லையென்றால் உலோக உடம்பில் நின்றுகொண்டு, நீங்கள் தொடும்போது உங்கள் வழியாக இறங்கும். விரலை மெதுவாக நகர்த்தினால் நுண்ணிய அதிர்வு மாதிரி தெரிவது அதுதான்.

சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றுவிட்டால் காரணம் இதுவேதான். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கன்வர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நேராகச் செருகியும் இருந்தால் அந்த பிளக் பாயிண்ட்டில் எர்த் ஒயர் இல்லை என்று நினைக்கலாம். பழைய வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதே எர்த்தை நம்பித்தான் உங்கள் கீசரும் வாஷிங் மெஷினும் ஓடுகின்றன, லேப்டாப்பைவிட அது முக்கியம். ஜிவ்வென்று இல்லாமல் சுரீரென்று அடித்தால் அந்தச் சார்ஜரைத் திரும்பப் பயன்படுத்தவே வேண்டாம்.

வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். சார்ஜரிலேயே 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும்.

சென்னை வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் தாங்குமா?

தாங்கும், கொஞ்சம் கவனித்தால். கனமான வேலையில் பிராசஸர் 90 டிகிரியைத் தொடுவது குறை இல்லை. இன்டெல் சிப்களில் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை, அதை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும். மெத்தையில் வைத்து வேலை பார்க்காதீர்கள், அடியில் இருக்கும் காற்று வழி அடைபடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் இருந்தால் போர்ட்களில் துரு பிடிக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். குளுகுளு ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லேப்டாப்பை உடனே திறக்காமல் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விடுங்கள். மூக்குக் கண்ணாடியில் படியும் அதே ஈரம் அதன்மேலும் படியும்.

யூஎஸ்பி-சி போர்ட் இருக்கிறது. டிவியோடு இணைக்க முடியவில்லையே?

போர்ட்டின் வடிவம் ஒன்று, வேலை வேறு. சிலவற்றில் தரவு மட்டும் போகும், சிலவற்றில் சார்ஜும் போடலாம், சிலவற்றில்தான் படமும் வரும். போர்ட் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். குறியே இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். 'யூஎஸ்பி 3.2 ஜென் 1' என்று எழுதியிருப்பது நொடிக்கு 5 ஜிகாபிட், ஜென் 2 என்றால் 10.

கேமரா வேலை செய்யவில்லை.

திரைக்கு மேலே சின்ன மூடி இருக்கும். தள்ளுங்கள்.

4 கீயில் ரூபாய்க் குறி இருக்கிறது, வர மாட்டேன் என்கிறது.

வலது ஆல்ட் கீயோடு 4 அழுத்துங்கள். கீபோர்டு மொழி 'இங்கிலீஷ் இந்தியா' என்று இருக்க வேண்டும். 2010-ல் அந்தக் குறியை வடிவமைத்துத் தந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், சும்மா தெரிந்திருக்கட்டும். தமிழ்99 கீபோர்டும் விண்டோஸ் 11-லேயே இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம்.

மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடுமா?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ராம், எஸ்எஸ்டி மாற்றுவதைப் பலரும் அனுமதிக்கிறார்கள், திறக்கும்போது நீங்கள் உடைத்தது மட்டும் உங்கள் செலவு. ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் முதலில் கஸ்டமர் கேரில் கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திறப்பதற்கு முன் இன்னொரு வேலை. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்த விண்டோஸ் 11 லேப்டாப்பில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸ் அப்டேட்டோ மதர்போர்டு மாற்றமோ நடந்தால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அந்த கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கும். கடைப் பையன் அவசரத்துக்கு உருவாக்கிக் கொடுத்த அக்கவுண்ட் என்றால், பாஸ்வேர்டு தெரியாமல் உங்கள் ஃபைல் உங்களுக்கே கிடைக்காது. கீயை இன்றே ஒரு தாளில் எழுதி பில்லோடு வையுங்கள்.

லினக்ஸ் ஓடுமா என்று வாங்கியவுடன் பார்க்க முடியுமா?

உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்டால் அழுத்தாதவரை உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை, சவுண்ட், டச்பேட், தூங்கி எழுவது, வெளிச்சம் கூட்டுவது குறைப்பது, இவை ஐந்தும் சரியென்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. விரல்ரேகை சென்சார்தான் பலவற்றில் அடம் பிடிக்கும். எல்எஸ்சிபியு, எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யூஎஸ்பி என்ற மூன்று கட்டளைகள் உள்ளே இருக்கும் பெரும்பாலான பாகங்களைப் பெயரோடு சொல்லிவிடும். ராம் விவரத்துக்கு டிஎம்ஐடிகோட்.

பில்லில் ஒன்று, உள்ளே வேறு ஒன்று. என்ன செய்வது?

முதலில் ஆதாரம். டாஸ்க் மேனேஜர், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் மாடல் எண் தெரிய வேண்டும். அடிப்பக்க ஸ்டிக்கரையும் பெட்டியையும் படம் எடுங்கள். நிறுவனத்தின் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் தொழிற்சாலையிலிருந்து என்ன ராம், எவ்வளவு எஸ்எஸ்டியோடு வந்தது என்று பல நிறுவனங்கள் காட்டும். அதையும் சேர்த்துக்கொண்டு கடைக்கு நேரில் போங்கள். பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும். கடையில் எஸ்எஸ்டியை மாற்றிப் பெரிதாகப் போட்டு விற்பதும் உண்டு, அதைப் பில்லில் எழுதியிருந்தால் தப்பில்லை.

கடைக்காரர் கை விரித்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், சீரியல் நம்பர், புகார் எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், முதலில் கேட்பது அவற்றைத்தான்.